முதுமையில் உணவும் உடல் எடையும்

முதுமையில் உணவும் உடல் எடையும் என்பது, 60 வயதைக் கடந்தோர் தமது உடலின் மாறிய தேவைக்கேற்ப உண்பதையும், தசையை இழக்காமல் தகுந்த எடையைப் பேணுவதையும் பற்றியதாகும். இது ஊட்டச்சத்தியல், முதியோர் மருத்துவம் ஆகிய இரு துறைகளுக்கும் பொதுவானது. "வயதானால் சிறிதளவு உண்டால் போதும், மெலிவதும் இயல்புதான்" என்ற கருத்து தமிழ்நாட்டில் பரவலாக உள்ளது. இக்கருத்தில் ஒரு பகுதி மட்டுமே உண்மை. முதுமையில் உடலுக்குத் தேவைப்படும் ஆற்றல் (கலோரி) குறைகிறது. ஆனால் புரதம், உயிர்ச்சத்துகள், கனிமங்கள் ஆகியவற்றின் தேவை குறைவதில்லை. சிலவற்றின் தேவை கூடவும் செய்கிறது. எனவே முதியவரின் தட்டில் உணவின் அளவு குறையலாம், சத்து குறையக்கூடாது.

இக்கட்டுரை இவ்விடயத்தைத் தூத்துக்குடித் துறைமுகமும் முத்துக்குளித்துறையும் அமைந்த மன்னார் வளைகுடாக் கரையோரத்தின் உணவுப் பழக்கங்களைக் கொண்டு விளக்குகிறது.

கரையோரமும் உழைப்பும்

வேம்பார் முதல் பெரியதாழை வரை நீளும் தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் மீன்பிடித்தல், சங்கு குளித்தல், உப்பளத் தொழில், பனைத் தொழில், துறைமுகச் சுமைப்பணி ஆகியன நெடுங்காலமாக முதன்மைத் தொழில்களாக இருந்து வருகின்றன. புகழ்பெற்ற முத்துக்குளிப்பு தூத்துக்குடியில் கடைசியாக 1961ஆம் ஆண்டில் நடைபெற்றது. அன்று இளைஞராகக் கடலில் மூழ்கியவர் இன்று 80 வயதைக் கடந்தவராவார். தூத்துக்குடித் துறைமுகம் 1974ஆம் ஆண்டில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு முதல் வ. உ. சிதம்பரனார் துறைமுகம் என அழைக்கப்படுகிறது.

இத்தொழில்கள் அனைத்தும் கடும் உடலுழைப்பைக் கோருவன. வலை இழுப்பவருக்கும் உப்பு வாருபவருக்கும் நாளுக்கு மூன்று வேளையும் நிறைந்த சோறு தேவைப்பட்டது. உண்ட ஆற்றல் உழைப்பில் செலவாயிற்று. முதுமையில் இவ்வுழைப்பு பெரும்பாலும் படிப்படியாகக் குறையாமல், ஒரு காயம், மூட்டு வலி அல்லது கண்புரை காரணமாகத் திடீரென நின்றுவிடுகிறது. அதன் பின்னர் இருவகை நிலைகள் தோன்றுகின்றன. ஒருவர் பழைய அளவிலேயே சோறு உண்டு, வயிறு பருத்து, நீரிழிவு நோய்க்கு ஆளாகிறார். மற்றொருவர் கஞ்சியும் துவையலுமாக உணவைச் சுருக்கிக்கொண்டு மெலிகிறார். பார்வைக்கு எதிரெதிராகத் தோன்றினாலும் இருவரும் இழப்பது ஒன்றையே. அது தசை ஆகும்.

இந்தியாவில் 2017-18ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட நெடுங்கால முதுமை ஆய்வின் முதற்சுற்றில், 60 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் எடைக் குறைவாகவும், ஐந்தில் ஒரு பங்கினருக்கு மேல் எடை மிகுதியாகவும் இருந்தமை கண்டறியப்பட்டது. இரு சிக்கல்களும் ஒரே காலத்தில், பல நேரங்களில் ஒரே தெருவில் காணப்படுகின்றன.

முதுமையில் ஏற்படும் உடல் மாற்றங்கள்

உணவுடன் தொடர்புடைய முதன்மையான மாற்றங்கள் பின்வருமாறு:

- தசை இழப்பு: 30 வயதுக்குப் பின் ஒவ்வொரு பத்தாண்டிலும் ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு தசை குறைகிறது, 60 வயதுக்குப் பின் இவ்வேகம் கூடுகிறது. வலிமையும் சேர்ந்து குறையும் நிலை சார்கோபீனியா எனப்படுகிறது. இச்சொல்லை 1989ஆம் ஆண்டில் இர்வின் ரோசன்பெர்க் என்பவர் அறிமுகப்படுத்தினார்.
- ஆற்றல் தேவைக் குறைவு: தசை குறைவதாலும் இயக்கம் குறைவதாலும் உடல் எரிக்கும் கலோரி குறைகிறது. உண்ணும் அளவு மாறாவிடில் எஞ்சியது கொழுப்பாகச் சேர்கிறது.
- சுவை, மணம் உணர்தல் குறைதல்: உணவு சப்பென்று தோன்றுவதால் முதியோர் உப்பும் இனிப்பும் கூட்டிக்கொள்கின்றனர் அல்லது உண்பதையே குறைக்கின்றனர்.
- பல் இழப்பு, விழுங்குவதில் இடர்: கடித்து மெல்ல வேண்டிய இறைச்சி, பயறு, பழம் ஆகியன நீங்கி, மென்மையான மாவுச்சத்து உணவு மட்டும் மிஞ்சுகிறது.
- தாக உணர்வு குறைதல்: உடலில் நீர் குறைந்த பின்னும் தாகம் தோன்றாதிருக்கலாம்.
- இரைப்பையில் அமிலச் சுரப்பு குறைதல்: இதனால் உணவிலுள்ள உயிர்ச்சத்து பி12 உறிஞ்சப்படுவது குறைகிறது.

தகுந்த எடை

உடல் எடையைக் கிலோகிராமில் எடுத்து, மீட்டரில் அளந்த உயரத்தின் இருமடியால் வகுத்துப் பெறுவது உடல் நிறைச் சுட்டெண் ஆகும். இந்திய வயது வந்தோருக்கு 18 முதல் 22.9 வரை இயல்பு எனவும், 23 முதல் 24.9 வரை எடை மிகுதி எனவும், 25உம் அதற்கு மேலும் உடற்பருமன் எனவும் 2009ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவர்களின் ஒருமித்த பரிந்துரை கூறுகிறது. 160 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு இவ்வியல்பு எல்லை ஏறத்தாழ 46 முதல் 59 கிலோகிராம் வரை அமையும்.

இவ்வெல்லையை முதியோருக்கு அப்படியே பொருத்துவதில் கவனம் தேவை. 65 வயதைக் கடந்தோரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2014ஆம் ஆண்டில் வெளியான பகுப்பாய்வு ஒன்றில், சுட்டெண் 23க்குக் கீழே செல்லச் செல்ல இறப்பு வாய்ப்பு கூடியது தெரிய வந்தது. மிதமான எடை மிகுதி உள்ளோரிடம் அவ்வாறு கூடவில்லை. இதில் பங்கேற்றோர் பெரும்பாலும் மேலை நாட்டினர் ஆதலால், அவ்வெண்களை நீரிழிவு நோய் எளிதில் தாக்கும் தென்னாசியருக்கு நேரடியாகப் பொருத்த இயலாது. எனினும் முதுமையில் மெலிவு தீங்கற்றதன்று என்பதை இது உணர்த்துகிறது.

முதுகெலும்பு வட்டுகள் தேய்வதாலும் கூன் விழுவதாலும் முதியோரின் உயரம் குறைகிறது. இதனால் சுட்டெண் உண்மையை விடக் கூடுதலாகத் தெரியும். கால் வீக்கம், வயிற்றில் நீர் கோத்தல் ஆகியன எடையைக் கூட்டிக் காட்டும். எனவே எடையுடன் தசையின் அளவையும் வலிமையையும் நோக்க வேண்டும். ஆசிய சார்கோபீனியா பணிக்குழு 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட வரையறையின்படி, பின்வருவன தசை இழப்பை ஐயுறச் செய்யும் அறிகுறிகள்:

- கெண்டைக்கால் சுற்றளவு ஆண்களுக்கு 34 செ.மீ., பெண்களுக்கு 33 செ.மீ. என்ற அளவுக்குக் கீழ் இருத்தல்
- கைப்பிடி வலிமை ஆண்களுக்கு 28 கிலோகிராம், பெண்களுக்கு 18 கிலோகிராம் என்ற அளவுக்குக் கீழ் இருத்தல்
- கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர 12 நொடிகளோ அதற்கு மேலோ ஆதல்

இவற்றுள் முதலாவதை ஓர் அளவுநாடா கொண்டும், மூன்றாவதை ஒரு கடிகாரம் கொண்டும் வீட்டிலேயே அறியலாம்.

எடை குறைதல்

முயலாமலேயே 6 முதல் 12 மாதங்களுக்குள் உடல் எடையில் 5 விழுக்காடோ அதற்கு மேலோ குறைவது மருத்துவத்தில் பொருட்படுத்த வேண்டிய அறிகுறியாகும். 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு இது 3 கிலோகிராம். ஒரே வீட்டில் நாள்தோறும் பார்ப்பவர்களுக்கு இம்மாற்றம் எளிதில் புலப்படாது. தளர்ந்த சட்டை, விரலில் நில்லாத மோதிரம், அடிக்கடி இறுக்க வேண்டிய வேட்டி ஆகியன இதைக் காட்டிக்கொடுக்கும்.

காசநோய், புற்றுநோய், கட்டுப்படாத நீரிழிவு, தைராய்டு மிகைச் சுரப்பு, மனச்சோர்வு, மறதிநோய், பொருந்தாத பல்செட், பசியைக் குறைக்கும் மருந்துகள் ஆகியன இதற்குப் பொதுவான காரணங்கள். இவற்றுள் பல குணப்படுத்தக்கூடியவை அல்லது கட்டுப்படுத்தக்கூடியவை. "வயதாகிவிட்டது" என்ற விளக்கத்துடன் நின்றுவிடும்போது நோயை அறிய வேண்டிய காலம் வீணாகிறது. தசை இழந்த முதியவர் தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும் வாய்ப்பு கூடுதல். படுக்கையில் கிடக்கும் ஒவ்வொரு வாரமும் மேலும் தசையைக் கரைக்கிறது.

எடை மிகுதல்

வயிற்றுப் பகுதியில் சேரும் கொழுப்பு நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், முழங்கால் தேய்வு ஆகியவற்றை மிகுவிக்கிறது. தசை குறைந்து கொழுப்பு கூடிய நிலையில் எடைக்கருவி பல ஆண்டுகளாக ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கலாம். அதனால் எடை மாறவில்லை என்பதை மட்டும் கொண்டு நலமாக இருப்பதாகக் கொள்ள முடியாது.

பட்டினி கிடந்து எடையைக் குறைக்கும் முதியவர் கொழுப்புடன் தசையையும் இழக்கிறார். பசியை அடக்கும் எடைக் குறைப்பு மருந்துகளுக்கும் இது பொருந்தும். உடற்பருமன் கொண்ட முதியோரிடம் ஓராண்டு நடத்தப்பட்டு, 2011ஆம் ஆண்டில் வெளியான ஐக்கிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், உணவுக் கட்டுப்பாடு மட்டும் மேற்கொண்டோரையும் உடற்பயிற்சி மட்டும் செய்தோரையும் விட, இரண்டையும் சேர்த்துக் கடைப்பிடித்தோரின் இயங்குதிறன் மிகுதியாக மேம்பட்டது. எடையை மெதுவாக, போதிய புரதத்துடனும் பயிற்சியுடனும் குறைப்பதே முதியோருக்கு ஏற்றதாகும்.

புரதத் தேவை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 0.83 கிராம் புரதம் தேவை. முதியோரின் தசை புரதத்தைப் பயன்படுத்தும் திறன் குறைந்திருப்பதால், ஒரு கிலோகிராமுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை தேவை எனப் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று 2013ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. அதன்படி 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம் புரதம் தேவைப்படும்.

300 கிராம் அரிசியைச் சோறாகவும் கஞ்சியாகவும் ரசத்துடன் உண்பவருக்கு அதிலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 23 கிராம் புரதம் மட்டுமே. வயிறு நிறைந்திருந்தும் தேவையின் பாதி கூட எட்டவில்லை. அரிசியைக் குறைத்துப் பிறவற்றைச் சேர்க்கும்போது கணக்கு மாறுகிறது:

- அரிசி 200 கிராம்: 15 கிராம் புரதம்
- துவரம் பருப்பு அல்லது பாசிப்பருப்பு 50 கிராம்: 11 கிராம்
- மீன் 100 கிராம்: 20 கிராம்
- முட்டை 1: 6 கிராம்
- பால் அல்லது தயிர் 300 மி.லி.: 10 கிராம்
- மொத்தம்: 62 கிராம்

இவை தோராயமான அளவுகள். புரதத்தை ஒரே வேளையில் உண்ணாமல் மூன்று வேளைக்கும் பகிர்ந்து உண்பது நல்லது. காலையில் இட்லியுடன் சாம்பாரும் முட்டையும், இரவில் கஞ்சியுடன் பாசிப்பருப்பும் சேர்ப்பது இதற்கு எளிய வழி. சிறுநீரக நோய் உள்ளோருக்கு இவ்வளவுகள் பொருந்தா. அவர்கள் மருத்துவர் குறிக்கும் அளவைப் பின்பற்ற வேண்டும்.

கரையோர உணவுகள்

மீன்

சாளை, நெத்திலி, அயிலை போன்ற சிறு மீன்கள் மலிவாகக் கிடைப்பவை. சாளையிலும் அயிலையிலும் புரதத்துடன் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களும் உயிர்ச்சத்து டியும் உள்ளன. முள்ளோடு உண்ணப்படும் நெத்திலி கால்சியத்தையும் தருகிறது. வஞ்சிரம் போன்ற விலை உயர்ந்த மீனில்தான் சத்து மிகுதி என்பது தவறான எண்ணம். பல் இல்லாதோருக்கும் பார்வை குறைந்தோருக்கும் முள் நீக்கிய சதையைக் குழம்பில் மசித்துத் தருவது பாதுகாப்பானது. எண்ணெயில் பொரிப்பதை விடக் குழம்பாகவோ அவித்தோ உண்பது தேவையற்ற கலோரியைத் தவிர்க்கும்.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஆகும். அக்காலத்தில் மீன் வரத்து குறைந்து விலை ஏறுவதால், முட்டை, பருப்பு, நிலக்கடலை, கொண்டைக்கடலை ஆகியவற்றால் புரதத்தை ஈடுசெய்ய வேண்டியுள்ளது.

கருவாடும் உப்பும்

தூத்துக்குடி, தமிழ்நாட்டின் உப்பு உற்பத்தியில் முதன்மையான மாவட்டமாகும். உப்பிட்டு உலர்த்திய கருவாடு புரதம் செறிந்தது, உப்பும் மிகுந்தது. உலக சுகாதார அமைப்பின் பரிந்துரைப்படி ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உட்கொள்ள வேண்டும். இது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. சமையல், ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்துப் பலமுறை அலசுவதால் உப்பு குறையும், முற்றிலும் நீங்காது. கல்லுப்பும் தூளுப்பும் சோடியத்தில் பெரிதும் வேறுபடுவதில்லை. சுவை குறைந்ததாக முதியோர் கூறும்போது உப்புக்கு மாற்றாகப் புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை ஆகியவற்றைக் கூட்டலாம். பொட்டாசியம் கலந்த மாற்று உப்புகள் சிறுநீரக நோயாளிகளுக்கு ஊறு விளைவிக்கக்கூடியவை.

அரிசியும் சொதியும்

அரிசி மிகுதியாகத் தீட்டப்படும்போது உயிர்ச்சத்து பி1 நீங்குகிறது. நெல்லை அவித்துப் பெறும் புழுங்கல் அரிசியில் இச்சத்து ஓரளவு தங்குகிறது. இச்சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய 1918ஆம் ஆண்டில் நீலகிரியின் குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வகமே, பின்னர் ஐதராபாத்துக்கு மாறி இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. நெல்லை, தூத்துக்குடி வீடுகளில் பாசிப்பருப்பும் காய்களும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஆக்கப்படும் சொதி, மெல்ல இயலாத முதியோருக்கு ஏற்ற மென்மையான உணவு. மெலிந்தவருக்கு அதிலுள்ள தேங்காய்ப்பால் ஆற்றல் தரும். எடை மிகுந்தவருக்குப் பாலைக் குறைத்துப் பருப்பைக் கூட்டலாம்.

பனைப் பொருட்களும் இனிப்பும்

உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றது. வெள்ளைச் சர்க்கரையை விடச் சில கனிமங்கள் அதில் கூடுதல் எனினும், அதன் பெரும்பகுதி சர்க்கரையே. எனவே "கருப்பட்டி சர்க்கரை நோயாளிக்குத் தீங்கு செய்யாது" என்பது சரியன்று. முந்திரிப் பருப்பு, முட்டை வெண்கரு, சர்க்கரை ஆகியவற்றால் ஆன தூத்துக்குடி மக்ரூனுக்கும் இது பொருந்தும். பனங்கிழங்கு மாவுச்சத்துடன் நார்ச்சத்தும் கொண்டது, மலச்சிக்கலுக்கு உதவும்.

நீரும் பிற சத்துகளும்

கோடையில் தாகம் தோன்றும்வரை காத்திராமல் முதியோர் குறித்த நேரங்களில் நீர் அருந்த வேண்டும். இரவில் சிறுநீர் கழிக்க எழ வேண்டுமே என அஞ்சி நீரைக் குறைப்போர், பகலில் கூடுதலாக அருந்தி மாலைக்குப் பின் குறைக்கலாம். நீராகாரமும் மோரும் நல்ல பானங்கள். சேர்க்கும் உப்பில் கவனம் தேவை. இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளோர் மருத்துவர் கூறும் அளவை மீறக்கூடாது.

உயிர்ச்சத்து பி12 மீன், முட்டை, பால், இறைச்சி ஆகியவற்றில் உள்ளது. நீரிழிவுக்காக மெட்பார்மின் மாத்திரையைப் பல்லாண்டுகள் உட்கொள்வோரிடம் இச்சத்து குறையக்கூடும். கால் மரத்துப்போதல், மறதி, சோகை ஆகியன இதன் அறிகுறிகள். வீட்டுக்குள்ளேயே இருப்போருக்கு, வெயில் மிகுந்த ஊரிலும் உயிர்ச்சத்து டி குறைபாடு ஏற்படலாம். கால்சியத்துக்குப் பால், தயிர், கேழ்வரகு, முருங்கைக்கீரை, சிறு மீன் ஆகியன ஏற்றவை.

உடற்பயிற்சி

உணவால் மட்டும் தசை வளராது. பாசுட்டன் நகரில் சராசரி 90 வயதுடைய முதியோருக்கு எட்டு வாரங்கள் பளுப்பயிற்சி அளித்த ஆய்வில், அவர்களது கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியதாக 1990ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 1994ஆம் ஆண்டில் 100 முதியோரிடம் நடத்திய தொடராய்வில், பயிற்சியின்றிச் சத்துபானம் மட்டும் பெற்றோருக்கு வலிமை கூடவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், சுவரைக் கைகளால் தள்ளுதல், நீர் நிரப்பிய புட்டிகளைத் தூக்குதல், படியேறுதல் ஆகியன கருவி தேவையற்ற பயிற்சிகள். வாழ்நாள் முழுதும் உழைத்த உடலுக்கு ஓய்வு தேவை என்பது உண்மையே. ஆனால் முழு ஓய்வு தசையைக் கரைத்துவிடும்.

நோன்பும் முதியோரும்

தூத்துக்குடி மாவட்டத்தில் கத்தோலிக்கரின் தவக்காலம், காயல்பட்டினம் முதலிய ஊர்களில் ரமலான், திருச்செந்தூர் கந்தசட்டி என நோன்பு மரபுகள் பல. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி 60ஆம் வயதில் அடியெடுத்து வைத்தோருக்கு உண்ணா நோன்புக் கடமை இல்லை. இசுலாத்திலும் நோன்பிருக்க இயலாத முதியோருக்கும் நோயாளிகளுக்கும் விலக்கு உண்டு. இன்சுலினோ இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுத்துக்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் நோன்பிருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும்.

வறுமை, தனிமை, அரசுத் திட்டங்கள்

முதியோரின் உணவைச் சத்தறிவு மட்டும் முடிவு செய்வதில்லை. துணையை இழந்து தனியே வாழ்பவர் ஒருவருக்காக அடுப்பு மூட்டத் தயங்குகிறார். கூட்டுக் குடும்பங்களில் மூதாட்டியர் பலர் அனைவரும் உண்ட பின் மிஞ்சிய சோற்றையும் குழம்பையும் உண்கின்றனர். மீன் துண்டு அதற்குள் தீர்ந்துவிடுகிறது. சேர்ந்து உண்போர் தனித்து உண்போரை விடக் கூடுதலாக உண்பர்.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகைத் திட்டம் 1962ஆம் ஆண்டில் தொடங்கியது. மாதம் 1000 ரூபாயாக இருந்த இத்தொகை 2023ஆம் ஆண்டில் 1200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாளுக்கு 40 ரூபாய் என்பது இதன் கணக்கு. சத்துணவுத் திட்டம் 1983ஆம் ஆண்டில் முதியோர் உதவித்தொகை பெறுவோருக்கும் விரிவாக்கப்பட்டது. நியாயவிலைக் கடைகளில் 2011ஆம் ஆண்டு முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. துவரம் பருப்பு மானிய விலையில் கிடைக்கிறது. அரிசி எளிதாகவும் புரதம் அரிதாகவும் கிடைக்கும் இந்நிலையில், குடும்ப அட்டைக்குரிய பருப்பைத் தவறாமல் வாங்குவது முதியோருக்கு இன்றியமையாதது. 2021ஆம் ஆண்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளும் இயன்முறை மருத்துவமும் வீட்டிலேயே வழங்கப்படுகின்றன. முதியோருக்கான தேசிய மையம் சென்னை கிண்டியில் 2024ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது.

மருத்துவரை நாட வேண்டிய அறிகுறிகள்

- முயலாமல் ஓராண்டுக்குள் எடையில் 5 விழுக்காடோ மேலோ குறைதல்
- இரு வாரங்களுக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல் ஆகியவற்றுடன் மெலிதல்
- விழுங்கும்போது புரையேறுதல் அல்லது தொண்டையில் உணவு அடைத்தல்
- உணவில் திடீரென நாட்டமின்மை, பேச்சு குறைதல், தனித்திருத்தல்
- அடிக்கடி தடுக்கி விழுதல், கையூன்றாமல் எழ இயலாமை
- ஒரு வாரத்துக்குள் எடை விரைவாகக் கூடி, கால் வீங்குதல்

முதியவரின் எடையை மாதம் ஒருமுறை, ஒரே கருவியில், ஒரே நேரத்தில் எடுத்துக் குறித்து வைப்பது இவற்றுள் பலவற்றை முன்னரே அறிய உதவும்.

இவற்றையும் பார்க்க

- சார்கோபீனியா
- உடல் நிறைச் சுட்டெண்
- நீரிழிவு நோய்
- முத்துக்குளித்தல்
- தூத்துக்குடி மாவட்டம்